சேர்வராயன் மலைச் செம்மண்: ஒரே பையிலிருந்து மூன்று ஈரப்பத விடைகள்

அழகாபுரம் ஆய்வகப் பணியாளர்:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் மண் ஆய்வகத்தில் எட்டு மாதங்களாகப் பணிபுரிகிறேன். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டித் தடுப்புச் சுவர் கட்டுவதற்காக எடுத்த மண் சென்ற வாரம் எங்களிடம் வந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த, பிடித்தால் விரலில் ஒட்டும் மண். இடையிடையே கொண்டைக்கடலை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை மக்கிய கற்கள் இருந்தன. ஒரே பையிலிருந்து மூன்று அலுமினிய டின்களில் எடுத்து, 110 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து, மறுநாள் எடை பார்த்தேன்.

முதல் டின்: வெறும் டின் 22.41 கிராம், ஈர மண்ணுடன் 68.93, உலர்ந்த பின் 57.80. ஈரப்பதம் 31.4 சதவீதம்.
இரண்டாம் டின்: 21.87, 66.20, 54.73. ஈரப்பதம் 34.9 சதவீதம்.
மூன்றாம் டின்: 22.05, 59.40, 49.08. ஈரப்பதம் 38.2 சதவீதம்.

கணக்கை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். மூன்றின் சராசரியை எழுதி அறிக்கையை அனுப்பிவிடலாம் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். ஒரே மண்ணுக்கு ஏழு சதவீத வேறுபாடு வரும்போது சராசரியை எழுதக் கை வரவில்லை. எங்கே தவறியிருப்பேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்:

தம்பி, சராசரி போடாமல் நிறுத்தியதற்கு முதலில் என் பாராட்டு. முப்பது ஆண்டுகள் இதே டின்களோடு இருந்தவன் என்ற முறையில் சில கேள்விகள் கேட்கிறேன். பையின் எந்தப் பகுதியிலிருந்து ஒவ்வொரு டின்னுக்கும் மண் எடுத்தீர்கள்? பை எத்தனை நாள் கழித்து உங்களிடம் வந்தது, வாய் எப்படிக் கட்டப்பட்டிருந்தது? எடை பார்த்தபோது டின் சூடாக இருந்ததா? ஓவனில் எத்தனை மணி நேரம் இருந்தது, இடையில் மின்சாரம் நின்றதா? கற்கள் எந்த டின்னில் அதிகம்? இவற்றுக்கு உங்கள் நினைவிலிருந்து அப்படியே பதில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் மறைக்க வேண்டாம், இங்கே எல்லோரும் அந்தத் தவறுகளைச் செய்தவர்கள்தாம்.

அழகாபுரம் ஆய்வகப் பணியாளர்:

ஐயா, விவரமாகச் சொல்கிறேன். மண் வெள்ளை நிற உரச்சாக்கில் வந்தது. உள்ளே பாலித்தீன் உறை கிடையாது. வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தளத்தில் எடுத்து நான்கு நாள் கழித்தே எங்களிடம் வந்து சேர்ந்தது. முதல் டின்னுக்குச் சாக்கின் மேற்பகுதியிலிருந்தும், இரண்டாவதற்கு நடுவிலிருந்தும், மூன்றாவதற்கு அடியிலிருந்தும் எடுத்தேன். அப்படி எடுத்தால் சாக்கு முழுவதையும் பிரதிநிதித்துவப்படுத்தும் என்று நினைத்தேன். மாலை ஐந்து மணிக்கு ஓவனில் வைத்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எடுத்தேன், ஆக 16 மணி நேரம். மின்சாரம் நிற்கவில்லை. டெசிகேட்டரில் (டின்னை ஈரம் ஏறாமல் ஆறவைக்கும் மூடிய கலத்தில்) இருந்த சிலிகா ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பாக மாறிவிட்டிருந்ததால் அதைப் பயன்படுத்தவில்லை. டின்னைத் துணியால் பிடித்து நேராகத் தராசில் வைத்தேன். கற்கள் முதல் டின்னில் அதிகம், மூன்றாம் டின்னில் ஏறக்குறைய இல்லை.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்:

உங்கள் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது.

சாக்கில் நான்கு நாள் கிடந்த மண் ஒரே மண்ணாக இருக்காது. மேல்பகுதி காய்ந்திருக்கும், ஈரம் அடியில் இறங்கியிருக்கும். மேலும் லாரியின் குலுக்கலில் நுண்மண் கீழேயும் கல் மேலேயும் பிரிந்துவிடும். நீங்கள் மேல், நடு, அடி என்று தனித்தனியாக எடுத்ததால் சாக்கின் மூன்று வேறு மண்களைத்தான் அளந்திருக்கிறீர்கள். தளத்தில் மண்ணுக்கு இருந்த உண்மையான ஈரப்பதம் இந்த மூன்றில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம், ஏனெனில் சாக்கின் நெசவு வழியாக ஏற்கெனவே வெளியேறிய நீரை எந்த ஓவனும் திருப்பித் தராது. ஈரப்பதச் சோதனைக்கான மண்ணைத் தளத்திலேயே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது, எடுத்த அளவு. நெல்லிக்காய் அளவுக் கல் உள்ள மண்ணில் 40 கிராம் எடுத்தால், ஒரே ஒரு கல் விழுந்தாலும் விடை மாறிவிடும். மண் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2720 பகுதி 2 இதற்காகவே குறைந்தபட்ச அளவைத் துகள் அளவுக்கு ஏற்பச் சொல்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் இறங்கும் மண்ணுக்கு 25 கிராம் போதும்; 2 மில்லிமீட்டருக்கு 50; 4.75 மில்லிமீட்டருக்கு 200. 19 மில்லிமீட்டர் அளவுத் துகள் உள்ள மண்ணுக்கு 500 கிராம். உங்கள் மண்ணுக்கு அந்தச் சிறிய டின் பொருந்தாது, தட்டுதான் வேண்டும்.

சூடான டின்னைத் தராசில் வைத்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூடான டின்னைச் சுற்றியுள்ள காற்று மேலே எழும்பித் தட்டையும் சற்றே தூக்கும். எடை குறைவாகத் தெரியும். உலர் எடை குறைந்தால் ஈரப்பதம் கூடுதலாக வரும். நாளைக்கு ஒரு டின்னை ஓவனிலிருந்து எடுத்த உடனே தராசில் வைத்து, கையை எடுத்துவிட்டு, எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். கடைசி இலக்கம் ஒன்றிரண்டாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சிலிகா ஜெல்லைத் தூக்கி எறிய வேண்டாம். அதே ஓவனில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் நீலமாகிவிடும்.

ஏற்காடு ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர்:

இந்த இழையைப் படித்தபோது என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு குறையையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் மலைமேல் சாலை வேலை செய்தபோது, கார்பைடு பொடி போட்டுக் குலுக்கும் ரேபிட் மாய்ஸ்சர் மீட்டரை வைத்து ஈரம் பார்த்தோம். மண் மிக நன்றாக இறுகுவதற்கு ஆய்வகம் கொடுத்த உகந்த ஈரப்பதம் 18 சதவீதம். மீட்டர் 16 காட்டியது. எனவே தண்ணீர் லாரியை வரவழைத்து, மீட்டரில் 18 வரும்வரை நனைத்து, ரோலர் ஓட்டினோம். ரோலர் போன பின்னால் மண் ரப்பர் போல அசைந்து எழுந்தது. நாங்கள் அதிகமாகத் தண்ணீர் விட்டதாக ஆலோசகர் எழுதினார். மீட்டரைப் பார்த்துத்தான் விட்டோம் என்று நாங்கள் எழுதினோம். கடைசியில் அந்த அடுக்கு முழுவதையும் உழுது காயவைக்க நேர்ந்து, இரண்டு நாள் கூலி எங்கள் தலையில் விழுந்தது. மீட்டர் பழுதா, ஆய்வகம் தவறா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

ஓமலூர், மண்ணியல் ஆசிரியை:

ஐயா, உங்கள் மீட்டரும் பழுதில்லை, ஆய்வகமும் தவறில்லை. இரண்டும் வெவ்வேறு அடிப்படையில் சதவீதம் சொல்கின்றன. அதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

மண் பொறியியலில் ஈரப்பதம் என்பது நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்து வருவது. அதனால்தான் சில மண்களில் அது 100 சதவீதத்தைத் தாண்டியும் போகிறது. கார்பைடு மீட்டரில் கால்சியம் கார்பைடு மண்ணிலுள்ள நீரோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை உண்டாக்குகிறது; அந்த வாயுவின் அழுத்தத்தைத்தான் முள் காட்டுகிறது. நீங்கள் உள்ளே போட்டது ஈர மண்ணின் ஒரு குறிப்பிட்ட எடை என்பதால், முள் காட்டுவது ஈர மண்ணின் எடையில் நீர் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதை உலர் அடிப்படைக்கு மாற்ற, மீட்டர் அளவை 100இலிருந்து அந்த அளவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். மீட்டர் 16 காட்டியபோது உண்மையான ஈரப்பதம் 16ஐ 84ஆல் வகுத்தால் வரும் 19 சதவீதம். தண்ணீர் விடும் முன்பே மண் உகந்த ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டது. மீட்டரில் 18 வந்தபோது உண்மை 22. அந்த மண் அசைந்ததில் வியப்பில்லை.

இதைவிடக் கவலை தருவது அடர்த்திக் கணக்கு. கோர் கட்டர் என்ற உருளையை மண்ணில் இறக்கி எடுத்த ஈர அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.95 கிராம், ஆய்வகத்தின் அதிகபட்ச உலர் அடர்த்தி 1.68 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் 18ஐ அப்படியே போட்டால் உலர் அடர்த்தி 1.65, இறுக்கம் (அதிகபட்ச உலர் அடர்த்தியில் அதன் பங்கு) 98.4 சதவீதம். சாலைக்கு அடியிலுள்ள மண் அடுக்கான சப்கிரேடுக்குச் சாலைத்துறை விவரக்குறிப்பு கேட்கும் 97ஐத் தாண்டித் தேறிவிடும். உண்மையான 22ஐப் போட்டால் உலர் அடர்த்தி 1.60, இறுக்கம் 95.1 மட்டுமே. தேறாத அடுக்கின் மேல் சாலை போடப்பட்டிருக்கும், பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

ஏற்காடு ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர்:

மிக்க நன்றி அம்மா. மீட்டர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு மாற்று அட்டவணை ஒட்டியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இன்னொரு ஐயமும் உண்டு. மீட்டர் இல்லாத நாட்களில் எங்கள் ஆட்கள் மண்ணில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி எடை பார்ப்பார்கள். காப்பித் தோட்டத்தை ஒட்டிய கறுத்த மேல்மண்ணுக்கு மட்டும் அதில் மிக அதிகமாக ஈரப்பதம் வருகிறது. அதற்கும் ஏதேனும் மாற்றுக் கணக்கு உண்டா?

ஓமலூர், மண்ணியல் ஆசிரியை:

அதற்கு மாற்றுக் கணக்கு இல்லை. அந்த மண்ணுக்கு அந்த முறையே கூடாது. காப்பிச் செடிகளுக்கும் நிழல் மரங்களுக்கும் கீழே இலைமக்கு சேர்ந்த மண் அது. தீயில் நீரோடு மக்கும் எரிந்து போகிறது. போன எடை முழுவதையும் நீங்கள் நீர் என்று எழுதிவிடுகிறீர்கள். கரிமப் பொருள், ஜிப்சம், சுண்ணாம்பு, களி ஆகியவை மிகுந்த மண்ணுக்கு ஸ்பிரிட் முறையைப் பயன்படுத்தக் கூடாது. கரிமப் பொருளோ ஜிப்சமோ உள்ள மண்ணுக்கு ஓவனின் வெப்பத்தையும் 60 முதல் 80 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதே நம் தர நிர்ணயம்.

சூரமங்கலம், கட்டுமானப் பொறியாளர்:

ஜிப்சம் என்றதும் கேட்கிறேன். சேலத்தில் மேக்னசைட் கிடைக்கும் வெள்ளைக்கல் மேட்டுப் பகுதியில் ஒரு கிடங்குக்கு அடித்தளம் போடுகிறோம். மண்ணில் வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. அதற்கும் 60 டிகிரியா?

ஓமலூர், மண்ணியல் ஆசிரியை:

மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். அதன் படிகத்தில் நீர் கிடையாது. அது சிதைய 110 டிகிரியைவிடப் பல மடங்கு அதிக வெப்பம் வேண்டும், அதனால்தான் அதைச் சூளையில் இட்டுச் சுடுகிறார்கள். ஓவன் அதைத் தொடாது. ஜிப்சம் அப்படியில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் படிக நீர். 110 டிகிரியில் அதில் பெரும்பகுதி வெளியேறி, இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும். பெரம்பலூர்ப் பக்கம் காரைக் களிமண்ணில் ஜிப்சத் தகடுகளைக் கண்ணாலேயே காணலாம். உங்கள் வெள்ளை நரம்பு எதுவென்று ஐயம் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு உடனே நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் மிக மெதுவாகவே வினைபுரியும், பொடித்துச் சூடாக்கினால் நுரைக்கும். ஜிப்சம் இரண்டிலும் நுரைக்காது.

இப்போது அழகாபுரம் தம்பியின் மண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் அதில்தான் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கக்கூடும். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறையால் ஆனது. அதன் உச்சிச் சமவெளிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் படிந்திருக்கிறது. மழையும் வெப்பமும் நெடுங்காலம் பாறையை அரித்து உண்டாக்கிய மண் இது. பாக்சைட்டில் உள்ள கிப்சைட் என்ற கனிமம் 200 டிகிரிக்கு மேல்தான் நீரை இழக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் இத்தகைய மலை மண்களில் நீரேற்ற ஹாலோய்சைட் என்ற களிக்கனிமம் இருக்க வாய்ப்புண்டு. அதன் அடுக்குகளுக்கு இடையே ஒரு தாள் அளவுக்கு நீர் படிந்திருக்கும். அந்த நீர் 60 டிகிரிக்கு முன்பே கழன்று போகத் தொடங்கும், போனபின் மண்ணை நனைத்தாலும் திரும்பி அந்த இடத்துக்குப் போகாது. அது துளைகளில் ஓடும் நீரல்ல. மண்ணின் வலிமையையோ இறுக்கத்தையோ அது தீர்மானிப்பதில்லை. 110 டிகிரி ஓவன் அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

எனவே, தம்பி, புதிதாக மண் எடுக்கும்போது ஒரு பங்கை 110 டிகிரியிலும் இன்னொரு பங்கை 50 அல்லது 60 டிகிரியிலும் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திப் பாருங்கள். இரண்டுக்கும் நான்கு முதல் ஆறு சதவீதப் புள்ளிகள் வேறுபட்டால் கனிமத்தில் கட்டுண்ட நீர் இருப்பதாகக் கருதலாம்.

ஏற்காடு ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர்:

ஒரு சிறு கேள்வி. ஏற்காட்டில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும் என்கிறார்கள். அப்படியானால் மேலே தள ஆய்வகத்தில் உள்ள ஓவனை 105க்குக் குறைத்து வைக்கலாமா?

ஓமலூர், மண்ணியல் ஆசிரியை:

1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. 105 என்பது 105 முதல் 110 என்ற வரம்புக்குள் இருப்பதால் அதில் தவறில்லை; ஆனால் உயரத்துக்காக அதற்கும் கீழே போக வேண்டாம். ஓவனில் நாம் நீரைக் கொதிக்க வைப்பதில்லை. களித்துகளின் மேல் ஒட்டியிருக்கும் நீரைப் பிரிக்கிறோம். அது எவ்வளவு பிரியும் என்பதை வெப்பமும் ஓவனுக்குள் உள்ள காற்றின் வறட்சியும் தீர்மானிக்கின்றன. மூடுபனி நாளில் 20 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஓவனுக்குள் போய் 110க்குச் சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அதே காற்று 60க்கு மட்டும் சூடானால் 12 சதவீதம் அளவில் நிற்கும். எனவே மலைமேல் 60 டிகிரியில் உலர்த்தும்போது பருவநிலை விடையைப் பாதிக்கும். 110இல் அவ்வளவாகப் பாதிக்காது. 60 டிகிரிச் சோதனையைச் சேலத்தில், மழையில்லாத நாளில் செய்வது நல்லது.

அழகாபுரம் ஆய்வகப் பணியாளர்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மேலாளரிடம் இந்த இழையைக் காட்டி அனுமதி பெற்று, நானே மலையேறி மண் எடுத்து வந்தேன். வெட்டிய சரிவின் முகத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் காய்ந்த மண்ணைச் சுரண்டி நீக்கிவிட்டு, உள்ளே கிடைத்த மண்ணைத் தள்ளு மூடி உள்ள டப்பாக்களில் போட்டு நாடா ஒட்டினேன். ஆய்வகத்தில் தட்டில் கொட்டி விரைவாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் 500 கிராமுக்குக் குறையாமல் நான்கு பங்குகள் எடுத்தேன். சிலிகா ஜெல்லும் இப்போது நீலமாக இருக்கிறது.

110 டிகிரியில் மூன்று பங்குகள்: 36.1, 36.4, 35.9 சதவீதம்.

நான்காவது பங்கின் ஈர எடை தட்டு நீங்கலாக 542.0 கிராம். 60 டிகிரியில் வைத்து ஒவ்வொரு நாளும் எடை பார்த்தேன். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் 411.2 கிராமிலேயே நின்றது, ஈரப்பதம் 31.8. பிறகு அதே தட்டை 110க்கு மாற்றினேன். மறுநாள் 398.5 கிராம், ஈரப்பதம் 36.0. அந்த 12.7 கிராமைத் தராசில் பார்த்தபோது இரண்டு முறை வெறும் தட்டின் எடையைச் சரிபார்த்தேன். அசையாமல் நின்றிருந்த எடை வெப்பத்தைக் கூட்டியதும் மீண்டும் இறங்கியது. இப்போது அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது?

ஓமலூர், மண்ணியல் ஆசிரியை:

இரண்டையும் எழுதுங்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து. 4.2 புள்ளி வேறுபாடு புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் அது முழுவதும் ஹாலோய்சைட்டின் நீர் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். களித்துகளில் ஒட்டிய சாதாரண நீரும், ஓரளவு கரிமப் பொருளும் அதில் இருக்கலாம். உலர்ந்த தட்டை ஈரமான அறையில் சில நாள் திறந்து வையுங்கள். ஒட்டுநீர் காற்றிலிருந்து திரும்ப ஏறும். ஹாலோய்சைட் இழந்தது ஏறாது. கரிமப் பொருளுக்கு ஐ.எஸ். 2720 பகுதி 22இன்படி தனிச் சோதனை உண்டு. எக்ஸ் கதிர் வசதி உள்ள இடத்துக்கு உலர்த்தாத மண்ணில் சிறிது அனுப்பினால் உறுதியாகவே தெரிந்துவிடும். கனிமத்தின் அடுக்கு இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராமா (நீர் இருக்கிறது), 7 ஆங்ஸ்ட்ராமா (நீர் இல்லை) என்பது அதில் நேராகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரவ எல்லைச் சோதனைக்கு (மண் குழம்புபோல் ஓடத் தொடங்கும் ஈரப்பதத்தைக் காணும் சோதனைக்கு) இந்த மண்ணை ஓவனில் காயவைக்க வேண்டாம். இத்தகைய மண் ஒருமுறை காய்ந்தால் நுண்துகள்கள் திரண்டு மணல்போல் நடந்துகொள்ளும்; திரவ எல்லை குறைந்து, இருப்பதைவிட நல்ல மண்போலத் தோன்றும். இயற்கை ஈரத்திலிருந்தே நீர் சேர்த்துக் குழைத்து, சல்லடையில் நனைத்தே தேய்த்து இறக்குங்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் அந்த மண் ஒருநாளும் 110 டிகிரியில் காயப் போவதில்லை. மழையில் நனைந்துகொண்டேதான் நிற்கும். திரவ எல்லையின் ஈரப்பதத்தையும் இயற்கை ஈரப்பதத்தையும் ஒரே வெப்பத்தில் உலர்த்தி அளங்கள். ஒன்றை 60இலும் மற்றொன்றை 110இலும் அளந்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது.

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்:

தம்பி, மூன்று விடைகளும் அரைப் புள்ளிக்குள் வந்துவிட்டன, பார்த்தீர்களா. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். உலர்ந்துகொண்டிருக்கும் தட்டு உள்ளே இருக்கும்போது புதிய ஈர மண்ணை அதே ஓவனில் யாரும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி உங்கள் தட்டில் ஏறும், 60 டிகிரியில் மிகுதியாகவே ஏறும். ஓவன் கதவில் ஒரு தாள் ஒட்டி, எந்தத் தட்டு எப்போது உள்ளே போனது என்று எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது.

அழகாபுரம் ஆய்வகப் பணியாளர்:

தாள் ஒட்டிவிட்டேன் ஐயா. ஆசிரியை அம்மா சொன்னபடி அறிக்கையில் இரண்டு எண்களையும் வெப்பத்தோடும் நேரத்தோடும் எழுதி, முதல் சாக்கின் மூன்று விடைகளையும் நீக்காமல், அவை ஏன் ஏற்கப்படவில்லை என்ற குறிப்போடு இணைத்திருக்கிறேன். உலர்ந்த தட்டு இப்போது சன்னலோரம் திறந்திருக்கிறது. நேற்று மாலை 398.5 ஆக இருந்தது இன்று காலை 401.3. ஏறுவது நிற்கும் நாளில் அந்த எண்ணை இங்கே எழுதுகிறேன்.